உயரம் யாருடையது?

அக்கா மகள் ஜெர்மன் படிக்கிறாள்.

பழனிசெட்டிபட்டியில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனா என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். நர்ஸிங் முடித்த பிள்ளைகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இன்றைக்கு அந்த பாஷையைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த நாட்டில் வயசாளிகள் அதிகம், பார்த்துக்கொள்ள ஆள் குறைவு. பி2 என்கிற நிலை வரை பாஷை தேறினால்தான் முழு நர்ஸாக வேலை பார்க்க முடியும். ஆகவே அக்கா வீட்டில் சாயங்காலமானால் ஒரு பக்கம் சீரியல், இன்னொரு பக்கம் செல்போனில் ஜெர்மன் வாத்தியார்.

போன மாதம் போயிருந்தபோது அவளுடைய வார்த்தை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் ஜெர்மன், வலது பக்கம் தமிழ். ‘ஷ்ட்ரோம்’ என்ற வார்த்தைக்கு நேராக ‘கரண்டு’ என்று எழுதி, பிறகு வேறு பேனாவில் கீழே ‘பெரிய ஆறு’ என்று சேர்த்திருந்தாள்.

“இதென்ன பாப்பா, ஆறும் கரண்டும் ஒண்ணா?”

“ஆமா மாமா. ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். கரண்டு பில்லுக்கு ஷ்ட்ரோம்ரெஷ்னுங். கரண்டு போயிருச்சுன்னா ஷ்ட்ரோம்ஆவுஸ்ஃபால். ரைன் நதியும் ஷ்ட்ரோம்தான்.”

வார்த்தையை வைத்து மூன்று வாக்கியம் அமைக்கச் சொல்லியிருந்தார்களாம். முதல் இரண்டும் பாடப்புத்தக வாக்கியங்கள். மூன்றாவது அவளுடைய சொந்தச் சரக்கு. ‘டேர் ஷ்ட்ரோம் கொம்ட் அவுஸ் டேம் ஷ்ட்ரோம்.’ அதாவது, கரண்டு ஆற்றிலிருந்து வருகிறது. வாத்தியார் கடைசி வார்த்தையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். இலக்கணம் சரிதானாம். ஆனால் கடலில் போய் விழுகிற மகாநதியைத்தான் ஷ்ட்ரோம் என்பார்கள். உங்கள் ஊர் ஆற்றுக்கு ‘ஃப்ளுஸ்’ என்கிற சின்ன வார்த்தை போதும் என்று விளக்கம் சொன்னாராம்.

“முல்லையாறு சின்ன ஆறாம் மாமா” என்றாள். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

கோபம் நியாயமானது. அக்கா வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் ஆறு. தடுப்பணையைத் தாண்டித் தண்ணீர் விழுகிற சத்தம் ராத்திரியில் மாடிக்குக் கேட்கும். அந்த ஆறு ஜெர்மன்காரர்களின் அளவுகோலுக்குச் சின்னதாக இருக்கலாம். ஆனால் ‘கரண்டு ஆற்றிலிருந்து வருகிறது’ என்று வெறும் இலக்கணப் பயிற்சியாக இல்லாமல் சத்தியமாகவே எழுதக்கூடிய ஊர்களில் பழனிசெட்டிபட்டியும் ஒன்று.

எப்படி என்று சொல்கிறேன். மேலே தேக்கடியில் பெரியாறு அணைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. அங்கிருந்து மலையைக் குடைந்து, ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளத்துக்கு ஒரு சுரங்கம். மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரை பென்னிகுக் கிழக்கே திருப்பிய கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. 1895-இல் திறந்த அணை. தேனி மாவட்டத்தில் அவர் படம் இல்லாத கடையைத் தேட வேண்டும். அந்தத் தண்ணீர் சுரங்கத்தைத் தாண்டி மலை விளிம்புக்கு வந்ததும் நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்குகிறது. குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். கீழே லோயர் கேம்ப்பில் மின்நிலையம். முதல் எந்திரம் 1958-இல் சுற்ற ஆரம்பித்தது, நாலாவது 1965-இல். ஆரம்பத்தில் மொத்தம் 140 மெகாவாட், பிற்பாடு எந்திரங்களைப் புதுப்பித்து 161. வேலையை முடித்த தண்ணீர் அதற்கப்புறம்தான் ஆறாகிறது. குருவனூத்து, குள்ளப்பகவுண்டன்பட்டி என்று வழியில் சின்ன மின்நிலையங்களிலும் தலைகாட்டிவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, வீரபாண்டி கௌமாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு பழனிசெட்டிபட்டிக்கு வருகிறது.

நாமும் ‘கரண்டு’ என்றுதான் சொல்கிறோம். இங்கிலீஷில் அதற்கு ஓட்டம் என்று அர்த்தம். ஆற்றின் ஓட்டத்துக்கும் அதே வார்த்தைதான். கடன் வாங்கிய வார்த்தை என்பதால் அதற்குள் ஆறு இருப்பது நமக்குத் தெரியாமல் போய்விட்டது. ‘மின்சாரம்’ என்றாலோ மின்னல்தான் ஞாபகம் வருகிறது, அது வானத்திலிருந்து சும்மா வருகிற சமாச்சாரம்.

இதை நான் கொஞ்சம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா (மச்சானின் அம்மா, எண்பதைத் தாண்டியவர்) ஒரு விஷயம் சொன்னார்.

“நான் கல்யாணமாகி வந்த புதுசுல எங்க மாமனார் ஒரே பொலம்பல்ப்பா. தண்ணியில இருக்குற கரண்டை எடுத்துட்டுல விடுறாய்ங்க, அப்புறம் அதுல என்ன சத்து இருக்கும், நெல்லு எப்படி வெளையும்னு கேப்பாரு.”

எல்லோரும் சிரித்தோம். வடநாட்டிலும் பெரிய அணைகள் கட்டின காலத்தில் விவசாயிகள் இப்படிக் கேட்டதாக ஒரு கதை உண்டு. படித்தவர்கள் படிக்காதவர்களைக் கேலி செய்யச் சொல்லும் கதை அது. நானும் அப்படித்தான் சிரித்தேன். ராத்திரி படுத்தபிறகுதான் அந்தப் பெரியவரின் கேள்வி அத்தனை முட்டாள்தனமானதா என்று சந்தேகம் வந்தது.

தண்ணீரிலிருந்து எதையோ எடுக்கத்தானே செய்கிறார்கள்? எதுவும் எடுக்காமல் எதுவும் கிடைக்காது. ஒரு லிட்டர் குறையவில்லை, உப்புச்சத்து மாறவில்லை. அப்படியானால் எதை எடுத்தார்கள்?

உயரத்தை. ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும்போது தண்ணீரிடம் ஒன்று இருக்கிறது, கீழே வந்ததும் அது இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 1,300 லிட்டர் தண்ணீர் ஆயிரம் அடி இறங்கினால் ஒரு யூனிட் கரண்டு கிடைக்கும். உங்கள் மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒன்றேகால் தொட்டிக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு தண்ணீரும் தன் உயரத்தைக் கொடுத்தால் உங்கள் வீட்டு அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரம் சூடாகும். பிறகு அதே தண்ணீர் வயலுக்குப் போகலாம். நெல்லுக்கு உயரம் தேவையில்லை.

ஆகவே விவசாயிக்கு நஷ்டமில்லை. ஆனால் உயரம் என்ற ஒன்று செலவாகியிருக்கிறது. அது யாருடையது?

நான் ஏதோ தத்துவ விசாரம் செய்வதாக நினைக்க வேண்டாம். இதே கேள்விக்காக இரண்டு அரசாங்கங்கள் பெரிய பெரிய வக்கீல்களை வைத்து வழக்காடியிருக்கின்றன.

1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் சமஸ்தானமும் வெள்ளைக்கார அரசும் போட்டுக்கொண்ட குத்தகைப் பத்திரம் 999 வருஷத்துக்கானது. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருஷத்துக்கு 5 ரூபாய், ஆக 40,000 ரூபாய் வாடகை. எதற்காக? பாசன வேலைகளுக்காக. அந்தக் காலத்தில் தண்ணீரைக் கொண்டு வேறென்ன செய்யப்போகிறார்கள்? மதுரைச் சீமை பஞ்சத்தில் காய்ந்துகொண்டிருந்தது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும் என்பதே இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

ஐம்பது வருஷம் போயிற்று. 1930-களில் சென்னை ராஜதானி பைகாராவில் நீர்மின்சாரத்தின் ருசியைப் பார்த்துவிட்டது. பெரியாற்றுத் தண்ணீர் எப்படியும் மலையிலிருந்து இறங்கத்தானே போகிறது, நடுவில் ஒரு எந்திரத்தை வைத்தால் என்ன என்ற யோசனை வந்தது. திருவிதாங்கூர் ஆட்சேபித்தது. நாங்கள் பாசனத்துக்குத்தான் கொடுத்தோம், மின்சாரத்துக்கு இல்லை என்றது. அந்தத் தரப்பில் வாதாடியவர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். வேடிக்கை என்னவென்றால், அதே சி.பி. முன்னால் சென்னை அரசில் சட்ட உறுப்பினராக இருந்தபோது பைகாரா திட்டத்துக்குப் பின்பலமாக நின்றவர். மின்சாரத்தின் மதிப்பு தெரிந்த ஆள். அதனால்தான் சும்மா விடவில்லை.

இரண்டு தரப்பின் மத்தியஸ்தர்களும் ஒத்துப்போகவில்லை. விவகாரம் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த நளினி ரஞ்சன் சாட்டர்ஜியிடம் நடுவர் தீர்ப்புக்குப் போனது. 1941 மே மாதம் அவர் சொன்னார்: பாசனத்துக்குத் தவிர வேறு எதற்கும் இந்தத் தண்ணீரைப் பயன்படுத்த சென்னைக்கு உரிமையில்லை. திருவிதாங்கூருக்கு ஜெயம்.

அப்பத்தாவின் மாமனார் கேட்ட கேள்வியை இப்போது திரும்பக் கேளுங்கள். தண்ணீரில் இருக்கும் கரண்டு வேறு, தண்ணீர் வேறு என்றுதான் அவரும் நினைத்தார். சாட்டர்ஜியும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருக்கிறார். சட்டப் புத்தகம் படித்தவர் சொன்னால் தீர்ப்பு, திண்ணையில் இருந்தவர் சொன்னால் ஜோக்.

அதற்குப்பின் சுதந்திரம் வந்தது, மாநிலங்கள் பிரிந்தன, பேச்சுவார்த்தைகள் நடந்தன, லோயர் கேம்ப் ஓட ஆரம்பித்தது. முறையான ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29-இல். அதன்படி நிலத்துக்கு வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய். மின்சாரத்துக்குத் தனியாக ஒரு கட்டணம்: ஒரு கிலோவாட்-வருஷத்துக்கு 12 ரூபாய், வருஷ உற்பத்தி 35 கோடி யூனிட்டைத் தாண்டினால் அந்த அதிகப்படிக்கு 18 ரூபாய். கிலோவாட்-வருஷம் என்றால் 8,760 யூனிட். நான் பி.காம். படித்தவன், இந்த மாதிரி எண்களைப் பார்த்தால் கை தானாகப் பேனாவைத் தேடும். வகுத்துப் பார்த்தால் யூனிட்டுக்கு ஒரு பைசாவில் ஏழில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம் அல்லவா? அந்த 100 யூனிட்டும் பெரியாற்றிலிருந்தே வந்ததாக வைத்துக்கொண்டால் அந்தக் கணக்குப்படி உயரத்தின் விலை 14 பைசா.

14 பைசா!

அணை பலமா, தண்ணீர் எத்தனை அடி நிற்கலாம் என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. அதற்கு நிபுணர் குழுக்களும் உச்ச நீதிமன்றமும் இருக்கின்றன. என் கேள்வி சின்னது. ஒருத்தர் ஒரு காரியத்துக்காகக் கொடுத்ததை, அவருக்கு ஒரு குந்துமணி நஷ்டமும் இல்லாமல் இன்னொரு காரியத்துக்கும் பயன்படுத்தினால் அவருக்கு நாம் கடன்பட்டவர்களா?

காலையில் இட்லி சாப்பிடும்போது இதைப் போட்டேன். மச்சான் இந்தப் பள்ளத்தாக்கின் விவசாயி. பெரியாறு என்றால் ரத்தம் கொதிக்கும். 2011 டிசம்பரில் எல்லையில் பதட்டமாக இருந்தபோது குமுளி பக்கம் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றவர்.

“அதென்ன கடன்? தண்ணி கொறஞ்சுச்சா? இல்லேல்ல. எப்படியும் கீழ விழுற தண்ணி. விழுறப்ப நாம ஒரு சக்கரத்தச் சுத்திக்கிட்டோம். இதுக்கு எவனுக்கு என்ன தரணும்?”

மச்சானின் கட்சிக்கு ஆதரவாக ஒரு பழைய கதை இருக்கிறது. ஆளுக்கொரு பெயரில் சொல்வார்கள். சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று வாசனையை மட்டும் மோந்தபடி கட்டுச்சோற்றைச் சாப்பிட்டவனிடம் கடைக்காரன் காசு கேட்க, பஞ்சாயத்துக்காரர் காசைக் குலுக்கி அந்தச் சத்தத்தை வாங்கிக்கொள்ளச் சொன்ன கதை. நமக்கெல்லாம் பிடித்த தீர்ப்பு. ஆனால் அந்தக் கதையில் மோந்தவன் லாபம் சம்பாதிக்கவில்லை. அவன் அந்த வாசனையைப் பாட்டிலில் பிடித்து ஊரெல்லாம் விற்றிருந்தால் பஞ்சாயத்துக்காரர் இன்னொரு தடவை யோசித்திருப்பார்.

மச்சானுக்கு ஆதரவாகவே காற்றையும் சொல்லலாம். ஆடிக்காற்று மேற்கு மலைக் கணவாய் வழியாக வந்து ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அதுவும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, அதுவும் கரண்டு தருகிறது. காற்றுக்கு யாரும் குத்தகைப் பத்திரம் எழுதவில்லை. வள்ளுவரும் மழை கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை என்கிற கட்சிதான். மழைக்குக் கடனில்லை, காற்றுக்குக் கடனில்லை, ஆற்றுக்கு மட்டும் ஏன்?

ஏனென்றால் இந்த ஆறு சும்மா வந்த ஆறு இல்லை. கேட்டு வாங்கிய ஆறு. அந்தப் பக்கம் நிலம் முழுகியிருக்கிறது, ஒரு கையெழுத்து இருக்கிறது. அதில் எதற்காக என்று ஒரு வார்த்தை இருக்கிறது.

இன்னொன்றும் தோன்றியது. உயரம் என்பது தனியாக ஒருத்தரிடம் இருக்க முடியாத சொத்து. மேலே தண்ணீர் இருந்தது, அது திருவிதாங்கூர் பக்கம். கீழே பள்ளம் இருந்தது, அது நம் பக்கம். மேலே இருப்பவன் மட்டும் இருந்தால் அது வெறும் ஏரி. கீழே இருப்பவன் மட்டும் இருந்தால் வெறும் பொட்டல். நாங்கள் கொடுத்த தண்ணீர் என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, எங்கள் பள்ளம் என்று நாம் சொல்வதில் மீதிப் பாதி. ஆகவே ‘உனக்கொன்றும் நஷ்டமில்லையே’ என்று கீழே இருப்பவன் சொல்லும்போது அவன் தன் பாதியை மட்டும் எண்ணுகிறான். ஒரு கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளிக்குச் சேர வேண்டிய லாபத்தை எழுதாமல் விட்டுவிட்டு, முதலில் கைவைக்கவில்லையே என்று சொன்னால் எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இதை நான் சொன்னேன். மச்சான் காதில் வாங்கவில்லை. அடுத்து நடந்ததை எழுதினால் அக்கா கோபித்துக்கொள்வாள், ஆனாலும் எழுதுகிறேன்.

மருமகள் தட்டைக் கழுவப் போகிற வழியில் நின்று, “அப்பா, அப்ப நம்ம வரப்பு?” என்றாள்.

மச்சானின் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் தூரத்துச் சொந்தம்தான். அவர் தோட்டத்துக்கு மாடு கன்று போக வழியில்லை என்று கேட்டதால் மச்சான் தன் ஓரத்து வரப்பை அகலமாக்கி நடந்துபோக விட்டிருந்தார். எழுத்து கிடையாது, வாய்வார்த்தை. இரண்டு வருஷத்துக்கு முன் மச்சான் வெளியூர் போயிருந்த சமயம், அந்த மனிதர் வரப்புக்கு அடியில் தோண்டி ஆற்றுப்பக்கக் கிணற்றிலிருந்து தண்ணீர்க் குழாய் பதித்துக்கொண்டார். மண்ணை மூடிச் சமன் செய்துவிட்டார். வரப்பு வரப்பாகவே இருக்கிறது. ஒரு தென்னை சாயவில்லை. குழாய் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. மச்சானுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அந்த வீட்டுக் காதுகுத்துக்குக்கூட அக்கா ஒளிந்து மறைந்து மொய் அனுப்பினாள்.

“அது வேற, இது வேற” என்றார் மச்சான்.

“என்ன வேறப்பா? வரப்பு கொறஞ்சுச்சா?”

“நடக்கத்தானடி விட்டேன்!”

சொன்ன பிறகு அவருக்கே கேட்டிருக்க வேண்டும். சர் சி.பி. ராமசாமி ஐயர் பெரிய பெரிய கட்டு காகிதங்களோடு வாதாடியதன் சாரம் அந்த இரண்டு வார்த்தைதான். யாரும் சிரிக்கவில்லை. மச்சான் இட்லியைப் பிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “கேட்டுட்டுப் பதிச்சிருந்தான்னா நானே மம்பட்டி புடிச்சுத் தோண்டிக் குடுத்திருப்பேன்” என்றார்.

அது பொய்யில்லை. தோண்டித்தான் கொடுத்திருப்பார், எனக்கு அவரைத் தெரியும்.

அப்படியானால் அவருக்குச் சேர வேண்டியது பணமில்லை. குழாய்க்கு வாடகை கொடுத்தால் வாங்கமாட்டார், அதையும் அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வார். நஷ்டமில்லாத இடத்திலும் ஒருத்தருக்குப் பாக்கி நிற்கிறது. அவரிடம் கேட்க வேண்டியிருந்தது, கேட்கவில்லை. அது எந்த வவுச்சரிலும் வராத பாக்கி. நஷ்டத்தை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது தென்படுவதேயில்லை. ‘உனக்கென்ன குறைஞ்சுபோச்சு’ என்று கேட்பவர் எப்போதும் எடுத்துக்கொண்டவராகத்தான் இருக்கிறார், கவனித்திருக்கிறீர்களா?

இந்த வெளிச்சத்தில் அந்த 14 பைசாவைத் திரும்பிப் பார்த்தேன். முதலில் கேலிக்கூத்தாகத் தெரிந்தது. விலை என்று பார்த்தால் கேலிக்கூத்துதான். கேரளத்தில் அதைச் சொல்லி ஆதங்கப்படுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அரை நூற்றாண்டு பழைய ரேட் எந்த வியாபாரத்திலும் நிற்காது. ஆனால் அந்தத் தொகைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. இது உன்னையும் கேட்டுச் செய்த காரியம் என்று பேரேட்டில் ஒரு வரி. 1941-இல் சாட்டர்ஜி முடியாது என்று கதவைச் சாத்தினார். அது சட்டப்படி சரி, ஆனால் அதனால் யாருக்கும் ஒரு விளக்குகூட எரியவில்லை, உயரம் வீணாகக் கொட்டிக்கொண்டிருந்தது. 1970-இல் கதவைத் திறந்து ஒரு கையெழுத்து வாங்கினார்கள். குறைந்த விலைக்கு என்றாலும் கேட்டு எடுத்தார்கள். இரண்டில் எது உசத்தி என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். விலையைப் பற்றி வேண்டுமானால் இன்னொரு நாள் உட்கார்ந்து பேசலாம். உட்கார்ந்து பேச ஒரு திண்ணை இருக்கிறதே, அது முக்கியம்.

மருமகளின் நோட்டில் சில பக்கம் தள்ளி ‘ஷுல்ட்’ என்று இன்னொரு இரட்டைப் பிறவி கிடந்தது. குற்றம் என்றும் அர்த்தம், கடன் என்றும் அர்த்தம். ஜெர்மன்காரரான நீட்சே 1887-இல் எழுதிய ஒரு புத்தகத்தில் இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு, மனசாட்சி உறுத்தல் என்பதே பழைய கடன்-பாக்கி உறவிலிருந்து முளைத்தது என்று வாதம் செய்திருக்கிறார். மனசாட்சிக்குள் ஒரு வட்டிக்கடையைத் திறந்துவைத்த மனுஷன். தமிழில் கடன் வேறு பக்கம் சாய்கிறது. கடன் என்றால் நமக்குக் கடமையும்கூட. பட்ட கடனும் செய்ய வேண்டிய கடனும் ஒரே சொல். வாங்கியவனைக் குற்றவாளியாக்காமல் அவனுக்கு ஒரு வேலையைக் கொடுக்கிற சொல். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, நம் பாஷை என்பதாலும் இருக்கலாம்.

மத்தியானம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் இதைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் வம்புக்கும் இழுத்தேன். “உன் கதையும் அதே கதைதான பாப்பா. உனக்குத் தடுப்பூசி போட்டது இந்த ஊரு. பஸ் பாஸ் குடுத்து, லேப்டாப் குடுத்துப் படிக்கவெச்சது இந்த கவர்மென்ட்டு. காலேஜுக்கு உங்கப்பா வாங்கின லோன் இன்னும் ஓடுது. இருபத்திரண்டு வருஷம் இங்க ஏத்திவெச்ச உயரத்தை அங்க போய் இறக்கப்போற. அவன் எஞ்சின் சுத்தும். இந்த ஊருக்கு யாரு ராயல்டி தர்றது?”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது. ஆற்று விஷயத்திலாவது தண்ணீர் குறையவில்லை. இங்கே குறையத்தானே செய்கிறது? நம் ஊர் ஆஸ்பத்திரி வார்டுகளில் ஒரு நர்ஸ் எத்தனை படுக்கையைப் பார்க்கிறார் என்று போய் எண்ணிப் பாருங்கள். ஒரு நர்ஸை உண்டாக்குகிற செலவில் பெரும்பகுதி இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். இதற்கு ஏக்கருக்கு இத்தனை, யூனிட்டுக்கு இத்தனை என்று எந்தப் பத்திரமும் இல்லை.

அவள் ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, அது காற்றில் பறக்காது என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னாள்.

“நான் தண்ணி இல்ல மாமா. தண்ணிகிட்ட யாரும் போறியான்னு கேக்கல. என்கிட்ட கேட்டாங்க. சம்பளம் இவ்வளவு, லீவு இவ்வளவு, வேலை இவ்வளவு நேரம்னு எழுதிக் குடுத்தாங்க. இங்க ஒன்றரை வருஷம் வேலை பாத்தேன்ல, நைட் டியூட்டி சேத்து ரெண்டு ஷிப்ட் பாக்கறியான்னு ஒரு நாள் என்னைக் கேட்டிருக்காங்களா? டியூட்டி சார்ட்ல பேர் எழுதிருவாங்க. அவ்வளவுதான்.”

என்னிடம் பதில் இல்லை. இந்த ஊருக்கு அவள் கடன்பட்டவளா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. கடன்பட்டவள்தான் என்று இன்னும் எனக்கொரு பக்கம் தோன்றுகிறது. ஆனால் அவளிடம் அதை வசூலிக்க எனக்கு என்ன யோக்கியதை? இருபத்திரண்டு வருஷத்தில் நானும் அவளை ஒரு தடவை கேட்டதில்லை. பிளஸ் டூ முடித்ததும் “நர்ஸிங் சேத்து விடுங்க, வெளிநாட்டுல டிமாண்ட் இருக்கு” என்று மச்சானுக்கு போன் பண்ணி யோசனை சொன்னவன் நான்தான்.

கிளம்புகிற அன்றைக்குச் சாயங்காலம் கரண்டு போய்விட்டது. அக்கா மெழுகுவர்த்தி தேடினாள். “ஷ்ட்ரோம்ஆவுஸ்ஃபால்” என்று உள்ளேயிருந்து ஒரு குரல். “என்னடி திட்டுறா?” என்றார் அப்பத்தா. தடுப்பணைத் தண்ணீர் விழுகிற சத்தம் இப்போது நன்றாகக் கேட்டது. மச்சான் வாசலில் நின்று சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கிட்டு, இருட்டுல?” என்றாள் அக்கா.

“தோட்டத்துக்கு. அந்தாளு மோட்டார் ரூம்புலதான் இருப்பான்” என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார். சண்டைபோடப் போகிறாரா, பேசப் போகிறாரா என்று அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கு ஒன்பதரை மணிக்கு பஸ்.